ஆறு மணிக்குப் பின் எங்கள் தெரு

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, பள்ளியின் பின்புறத் தெருவில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்த அந்த அம்மையாருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. எங்களுள் பாதிப் பேருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தந்த கை அது. பார்க்கப் போனபோது, "சங்கிலி போனால் போகிறது, இனிமேல் வீதியில் நடக்கும்போது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குமே, அதை யார் மாற்றுவார்கள்?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை செய்தி வாட்ஸ்அப்பில் ஏறியது. பகலுக்குள் ஒரு சங்கிலி மூன்று சங்கிலியாயிற்று. மாலைக்குள் ஏதோ ஒரு பள்ளிப் பெண்ணைக் கடத்திப் போனதாகவும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிவதற்குள், எங்கள் எறிபந்துப் பயிற்சி நின்றது, நூலகத்தின் மாலை நேரம் குறைந்தது, ஆறு மணிக்குள் வீடு என்ற சட்டம் ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் பிறந்தது. பெற்றோரின் அச்சத்தை நாங்கள் குறை சொல்லவில்லை; அது அன்பிலிருந்து வருவது என்பதும் அறிவோம். நாங்கள் அடங்கினோம். ஆனால் ஒப்புக்கொண்டோம் என்று சொல்வதற்கில்லை. நகை பறிகொடுத்தவர் அறுபத்தைந்து வயதுப் பாட்டி; பறித்தவர்கள் ஆண்கள்; வீட்டுக்குள் அடைபட்டவர்களோ பதினாறு வயதுப் பெண்கள். இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை. ஆகவே மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவியர் சிலர் கூடி, நம் பேட்டை உண்மையிலேயே கெட்டுப் போய்விட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினோம்.

முதலில் பாட்டிமாரைக் கேட்டோம். "அந்தக் காலத்தில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோம்" என்றார்கள். அக்காலத்தில் களவே இல்லையா என்று மீண்டும் கேட்டால், கொல்லையில் வைத்த பித்தளை அண்டா காணாமற்போன கதை எல்லார் வீட்டிலும் ஒன்று வெளிவந்தது.

பிறகு எண்களிடம் போனோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் என்ற மத்திய அரசு நிறுவனம் 1986-இல் ஏற்பட்டது. 'இந்தியாவில் குற்றங்கள்' என்னும் ஆண்டறிக்கை அதற்கும் முன்னரே, 1953 முதல் வெளிவருகிறது. அதில் ஓர் இலட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் என்று வீதம் போடுகிறார்கள். பார்வைக்கு எளிய வகுத்தல் கணக்கு. ஆனால் வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் சற்று உரசிப் பார்த்தால் சங்கதி வேறு.

2019-இல் நாடு முழுவதற்கும் குற்ற வீதம் 385.5. அடுத்த ஆண்டு, 2020-இல், அது 487.8 ஆக ஏறியது. ஒரே ஆண்டில் நாட்டு மக்கள் இவ்வளவு பொல்லாதவர்களாகி விட்டார்களா? இல்லை. அது கொரோனா ஊரடங்கு ஆண்டு. அரசு ஊழியரின் ஆணையை மீறியதற்கான 188-ஆம் பிரிவு வழக்குகள் 29,469-இலிருந்து 6,12,179 ஆகப் பெருகியிருந்தன. முகக்கவசம் இல்லாமல் காய்கறி வாங்கப் போனவரும், தடையை மீறி வண்டி ஓட்டியவரும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே ஆள் நடமாட்டமே இல்லாததால் திருட்டு குறைந்த அதே ஆண்டில்தான் குற்ற வீதம் இவ்வாறு உயர்ந்தது!

வகுக்கும் எண்ணிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெருநகரங்களுக்கு அந்த அறிக்கை 2011 மக்கள் கணக்கெடுப்பின் தொகையையே எடுத்துக்கொள்கிறது. அதன்பின் சென்னைக்கு வந்து குடியேறியவர்கள் குற்றம் செய்தாலும், குற்றத்துக்கு ஆளானாலும், மேலே சேர்வார்கள், கீழே சேரமாட்டார்கள். ஒரு பேட்டை என்று வந்துவிட்டால் இது இன்னும் மோசம். தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் குடியிருப்போர் எத்தனை பேர், தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அங்கே வந்து போவோர் எத்தனை பேர்? அன்று பறிபோகும் பணப்பைகளை எல்லாம் அங்கே குடியிருக்கும் சிலரின் தலையில் வகுத்தால், அவர்கள் கள்வர் குகையில் வாழ்வதாகத் தோன்றும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல், காகிதத்தில் ஏறாத குற்றம். எங்கள் ஆசிரியை அம்மையாரின் புகாரையே எடுத்துக்கொள்வோம். கட்டுப் போட்ட கையோடு அவர் காவல் நிலையத்துக்குப் போனார். நகை வாங்கிய ரசீது கேட்டார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் திருமணத்துக்குச் செய்த சங்கிலிக்கு ரசீது ஏது? மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு, சி.எஸ்.ஆர். என்று எல்லாரும் சொல்கிற சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாக ஒன்பது நாளாயிற்று. அதுவும் அவருடைய பழைய மாணவி ஒருவர், இப்போது வழக்கறிஞர், உடன் வந்த பிறகு. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பறித்துச் செல்வது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வந்துவிட்டது. மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், அந்த ஒன்பது நாளும் நம் தெருவில் ஒரு குற்றமும் நிகழவில்லை என்பதே கணக்கு.

ஆகவே புகார்களை நேர்மையாகப் பதிவு செய்யும் ஊர் கெட்ட ஊராகவும், திருப்பி அனுப்பும் ஊர் நல்ல ஊராகவும் அட்டவணையில் காட்சி தரக்கூடும். குற்ற எண்ணிக்கை கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று அந்த ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. எண்ணை மட்டும் படிக்கிறோம்.

எங்களைப் போன்றவர்களுக்கு நேர்வதோ அந்த ஒன்பது நாள் கழித்தும் ஏறுவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் உரசிப் போகிறவன், வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்தொடர்கிறவன், பெயர் கேட்கிறவன், பாட்டுப் பாடுகிறவன். இதற்கும் சட்டம் இருக்கிறது. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய தொல்லையின் விளைவாக உயிரிழந்த பின், தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் எங்கள் வகுப்பில், கைதூக்க வேண்டாம், துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதுங்கள் என்று கேட்டோம். இவ்வாண்டில் ஒரு முறையேனும் இப்படி நேர்ந்தது என்று எழுதாதவர் சிலரே. வீட்டில் சொன்னீர்களா என்ற கேள்விக்கு, ஆம் என்று எழுதியவர் அவரினும் சிலர். ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "சொன்னால் அவனை நிறுத்த மாட்டார்கள், என்னைத்தான் நிறுத்துவார்கள்." அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறோம். எங்கள் பெற்றோர் இந்த இடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் மௌனம் பாதுகாப்பின் அடையாளமன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இழைக்கப்படும் மிகக் கொடிய குற்றங்களில், அறிமுகமில்லாத தெரு மனிதன் குற்றவாளியாக இருப்பது அரிது. அதே அறிக்கையின்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில், பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவரே குற்றம் சாட்டப்பட்டவர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், நம்பிப் பழகியவர். ஆண்டுதோறும் இதே நிலைதான். மதிற்சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துவிட்டு உள்ளே நிம்மதியாக இருக்கிறோமே, சில பிள்ளைகளுக்குச் சுவரின் உட்புறம்தான் ஆபத்து. அவர்களுக்குப் பள்ளியும், மாலை விளையாட்டும், சிஸ்டரின் அறையுமே வெளிக்காற்று. 2012-இல் வந்த போக்சோ சட்டம், குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி எண், பெண்களுக்கான 181 ஆகியவற்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பள்ளியில் எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஒட்டச் சொன்னவர் எங்கள் விடுதிச் சகோதரி. "சுவர் இருப்பதே இதற்காகத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் பசை டப்பாவை எடுக்கப் போய்விட்டார்.

இனி எங்களை மிகவும் வருத்திய செய்திக்கு வருகிறோம். சங்கிலி பறிபோன இரவு, அருகிலுள்ள குப்பத்திலிருந்து நான்கு வாலிபர்களை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வகுப்புத் தோழியின் அண்ணன். மீன்பிடிப் படகில் வேலை. பறிப்பு நடந்த நேரத்தில் அவர் வலை பின்னிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. விடியுமுன் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதானே என்று கேட்கலாம். தோழி நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே எல்லாம் இருந்தது. சில வாரங்களுக்குப் பின், கண்காணிப்புக் காமிராவில் பதிந்த வண்டியை வைத்து, வேறு மாவட்டத்தைச் சேர்ந்த இருவரைப் பிடித்தார்கள். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததா? வந்தது, ஆனால் முன்பு குப்பத்தைப் பற்றி எழுதியவர்கள் வாய் திறக்கவில்லை.

பிறந்த இடத்தை வைத்து ஆளை எடைபோடுவது நம் மண்ணில் புதிதன்று. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. குறிப்பிட்ட சாதிகளில் பிறந்த ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களுள் ஒரு பெண்ணும் உண்டு. 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. பழக்கம் ஒழிந்ததா என்பதைக் கண்ணகி நகர்வாசிகளைக் கேட்டால் தெரியும். நகருக்குள் ஆற்றங்கரைகளில் குடிசையிட்டிருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய்ப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குடியிருப்புகளில் வைத்தார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம். அதற்குமேல், விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா, அந்தக் கண்ணகி நகர்ப் பெண்தான். அன்று செய்தித்தாள்களில் அந்த ஊர்ப் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. எங்கள் எறிபந்து அணி, பயிற்சி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தது.

சங்கிலிப் பறிப்புக்குப் பின் குடியிருப்போர் கூட்டம் ஒன்று நடந்தது. எடுத்த முடிவுகள் மூன்று: குறுக்குச் சந்தின் வாயிலுக்குக் கதவு போட்டுப் பூட்டுவது, காமிரா வைப்பது, தெருமுனையில் 'வேற்றாட்கள்' கூடுவதைத் தடுப்பது. வேற்றாட்கள் என்று அவர்கள் சொன்னது இஸ்திரி வண்டிக்காரரையும், அவர் வண்டிக்கு எதிரே கூடை வைத்திருந்த பூக்காரம்மாவையும். இருபது ஆண்டாக அந்த முனையில் நிற்பவர்கள்! எந்த வீட்டுச் சட்டை எது என்று துணியைத் தொட்டே சொல்லக்கூடியவர் அந்த மனிதர். சிறப்பு வகுப்பு முடிந்து நாங்கள் வந்தால், "இன்னிக்கி என்னம்மா லேட்டு?" என்று கேட்பார். புதிதாக ஒருவன் இரண்டு முறை அந்தப் பக்கம் சுற்றினால், "யார் வீடு வேணும் தம்பி?" என்பார். அதைவிட நல்ல காவல் எது? பூக்காரம்மாவோ எட்டரை மணி வரை பெட்ரோமாக்ஸ் போல் ஒரு மின்கல விளக்கை ஏற்றி வைத்திருப்பார். மாநகராட்சி விளக்கு எரியாத நாளில் அதுதான் எங்களுக்கு வெளிச்சம். இருவரையும் அப்புறப்படுத்தினார்கள். இப்போது அந்த முனையில் ஏழு மணிக்கு ஒரு நாயும் இல்லை. பாதுகாப்புக்காகச் செய்த வேலைகளில் எங்களை உண்மையாகவே அச்சுறுத்தியது இதுதான்.

ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961-இல் எழுதிய நூலில், தெருவைக் காப்பது முதலில் போலீஸ் அன்று, கடைக்காரரும் வழிப்போக்கரும் சன்னலில் நிற்பவருமாகத் தெருவின் மேல் இருக்கும் கண்களே என்று வாதிடுகிறார். அவர் நியூயார்க்கில் கண்டதை எங்கள் இஸ்திரிக்காரர் படிக்காமலே செய்துகொண்டிருந்தார்.

ஆனால் கண்கள் இருந்தால் மட்டும் போதும் என்று சொல்லிவிடவும் எங்களால் முடியவில்லை. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில், வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் பயணிகள் பலர் இருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நிலையத்தில் காமிராவும் இல்லை. அங்கே கண்கள் இருந்தன. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் இல்லை. அவரவர் வண்டியை எதிர்பார்த்து நின்றவர்கள். இதைப் பற்றி எங்களுக்குள் நெடுநேரம் விவாதம் நடந்தது. கத்தியோடு ஒருவன் நின்றால் நீ போவாயா என்று ஒருத்தி கேட்டாள். போவேன் என்று துணிந்து சொல்ல யாராலும் முடியவில்லை. கூவியிருப்போம் என்று மட்டும் சொன்னோம்.

அந்தக் கொலைக்குப் பின் சென்னையில் காமிரா ஓர் இயக்கமாகவே ஆனது. காவல் ஆணையராக இருந்த ஏ. கே. விசுவநாதன் 2017 முதல் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாக ஐம்பது மீட்டருக்கு ஒன்று வைக்க வேண்டுமென்று குடியிருப்போரையும் வணிகர்களையும் தூண்டினார். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட காமிராக்கள் வந்தன. காமிரா வேண்டாம் என்பது எங்கள் கட்சியன்று. தோழியின் அண்ணன் மேலிருந்த பழியைத் துடைத்ததே காமிராதான். ஆயினும் அது நடந்த பின் சாட்சி சொல்லும், நடக்குமுன் "யார் வீடு வேணும்?" என்று கேட்காது. மழைக்குப் பின் அதுவே பாதி நாள் வேலை செய்வதுமில்லை.

பெண்கள் வெளியே வருவது குறைந்தால் தெரு பாதுகாப்பாகும் என்று எண்ணுகிறோம். எங்களுக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று ஆனபின், மாலை நிறுத்தங்களில் வேலை முடிந்த அக்காமார் கூட்டமாக நிற்கிறார்கள். அந்தக் கூட்டம் இருக்கும் நேரத்தில் எங்களிடம் வாலாட்ட ஒருவனும் வருவதில்லை. ஏழரைக்கு மேல் அவர்கள் கலைந்த பின்தான் நிறுத்தம் பயமாகிறது. பெண்கள் நிரம்பிய தெருவைப் போலப் பெண்களுக்குக் காவலான தெரு வேறில்லை என்பது நாங்கள் கண்ணால் கண்டது.

விசாரித்ததோடு நிற்காமல் எங்களால் இயன்ற சிலவற்றைச் செய்தோம். ஒரு மாலை இரண்டு ஆசிரியைகளுடன் பள்ளியைச் சுற்றிய நான்கு தெருக்களிலும் நடந்து, எரியாத விளக்குகளையும் வேப்பங்கிளை மூடிய விளக்குகளையும் கம்ப எண்ணோடு குறித்தோம். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்தோம். விளக்குகள் பத்து நாளில் எரிந்தன. கிளை வெட்ட மட்டும் மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. சந்தின் கதவைப் பகலிலும் மாலை ஏழு வரையிலும் திறந்து வைக்கும்படி குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தோம். அதைப் படித்த தலைவர் ஐயா, "நீங்கள் வரும்போது மட்டும் திறக்கச் சொல்கிறேன்" என்றார். நாங்கள் வருவதுபோலத்தானே வேலைக்காரம்மாவும் வருகிறார் என்று கேட்டோம். யோசிப்பதாகச் சொன்னார். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்துள்ளன. எங்கள் பகுதி சபை கூடும் நாளில் பெற்றோர் சிலராவது போய் இதைப் பேச வேண்டும். எங்களுக்கு இன்னும் வாக்கு இல்லை.

எறிபந்துப் பயிற்சி, தலைமைச் சகோதரியின் அனுமதியோடு, மார்கழி முதல் மீண்டும் தொடங்கியது. ஆறேகால் வரை ஆடுகிறோம். பெற்றோர் இருவர் முறைபோட்டு வாயிலில் நிற்கிறார்கள். முதல் வாரம் முறைக்கு நின்றவர்களில் ஒருவர் தோழியின் அண்ணன். கடலிலிருந்து வந்த கையோடு வந்திருந்தார். ஆசிரியை அம்மையாரும், கட்டுப் பிரித்த கையில் குடையோடு, இரு நாள் வந்து உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்.

இஸ்திரிக்காரர் அடுத்த பேட்டையில் ஒரு மேம்பாலத்தின் கீழ் வண்டி போட்டிருக்கிறார் என்று கேள்வி. அவரைத் திரும்ப அழைக்கச் சங்கத்துக்குக் கொடுத்த மனுவில் இதுவரை முப்பத்தொரு வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இன்னும் பதினேழு வீடு பாக்கி.